நொய்யாட்டி எத்தனை குட்டி போடும்

குப்புறப் படுத்துக் கிடக்கிற மனுசனுக்குக் காதைத் தவிர வேறொன்றும் வேலைக்கு ஆகாது. கண்ணுக்கு முன்னால் தலையணை உறை, மூக்குக்கு முன்னாலும் அதே உறை, இடுப்பில் விளக்கெண்ணெய் தடவி வாட்டின எருக்கிலை ஆறு, அதன்மேல் ஒரு துண்டு, துண்டின்மேல் பெண்டாட்டி மயிலாத்தாள் போட்ட முடிச்சு. "அசைஞ்சீங்கன்னா எலை நழுவிப் போயிருமுங். மறுக்கா வாட்டிப் போட என்னால ஆகாது, ஆமா" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனவள் போனவள்தான். ஆறுச்சாமியும் கட்டிலில் கிடந்தார். தப்பு அவர்மேல்தான். இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையை ஐம்பத்தாறு வயசில் ஒரே தூக்காகத் தூக்கணுமா? யாரிடம் காட்டிக்கொள்ள? பார்க்கக்கூட ஒருத்தரும் இல்லை, மயிலாத்தாள் பொறக்கடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒன்று சொல்லணும், நோவு போக மிச்சமெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வயிற்றில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. ஓட்டுக்கு அடியில் பலகை மச்சு போட்ட வீடானதால் வெயில் உள்ளே இறங்குவதில்லை. ரெண்டு தெரு தள்ளி பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி பின்னால் எடுக்கிற சத்தம் வந்தது. மூணு பத்து பழநி வண்டி, நாலு நிமிசம் தாமதம். இருபத்தெட்டு வருசமாக டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதுகிற ஆள். ஓய்வு நாளிலும் காது தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும், சம்பளம் கேட்காது. எழுதட்டும் போ என்று கண்ணை மூடினார்.

"ஏனுங்கம்மா, வீட்ல யாருங்க?" வாசலில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். அவர் தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவில் இருந்தார், குரல் தலையணைக்குள் இருந்து வருவதுபோல வந்தது. காலேஜில் விலங்கியல் படிக்கிறாளாம், பேர் பிரிசில்லாவாம். ஓட்டு வீடுகளில் வௌவால் தங்குகிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம், ஆளுக்கு நாற்பது வீடு, இது முப்பத்தொன்றாவது. முப்பது வீட்டிலும் "வௌவாலா? எங்கூட்லயா? போ அக்கட்ட" என்று விரட்டிவிட்டார்களாம். மயிலாத்தாள் அய்யோ பாவம் என்றாள், தண்ணி கொடுத்தாள், திண்ணையில் உட்காரச் சொன்னாள், முறத்தை இழுத்து வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அதுவரைக்கும் எல்லாம் ஊர் வழக்கப்படிதான். "உங்க வீட்ல வௌவால் இருக்குங்களா ஆன்ட்டி?" "வௌவால் இல்ல கண்ணு. நொய்யாட்டி இருக்குது." ஆறுச்சாமிக்கு இடுப்பு சுள்ளென்று ஒரு வெட்டு வெட்டியது. அடிப்பாவி. இருபத்தேழு வருசத்தில் அந்தப் பேரை அவர்கள் ரெண்டு பேரையும் தவிர மூணாவது காது கேட்டதில்லை. வெளியே பேனா தேடுகிற சத்தம். "நொய்யாட்டியா? அது என்னங்க ஆன்ட்டி? பறக்குமா?" "பறக்காம? நல்லாப் பறக்கும்." படிவம் என்று ஒன்று வைத்திருப்பாள். படிவம் என்றால் கட்டம் கட்டமாக இருக்கும். உருவத்துக்கு ஒரு கட்டம், நிறத்துக்கு ஒரு கட்டம், தீனிக்கு ஒரு கட்டம். எப்படியும் ஒரு கட்டத்தில் எத்தனை குட்டி போடும் என்று இருக்கும். அதை மட்டும் இந்தப் பெண் கேட்காமல் எழுந்து போய்விடணும். மற்றதெல்லாம் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு கேள்வி மட்டும் மயிலாத்தாள் காதில் விழக்கூடாது, சாமி.

நொய்யாட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதைப் பெற்றெடுத்தவர் ஆறுச்சாமிதான். கல்யாணம் முடிந்து மூணாம் நாள் சாயந்தரம் பொழுதோட, இதே வீடு, இதே மச்சு. மூணு நாளில் மயிலாத்தாள் எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தை பேசியிருப்பாள், அதில் ஆறு "சரீங்". அவர் மட்டும் பேச்சில் புலியா? கூண்டுக்குள் உட்கார்ந்து "பொள்ளாச்சி எடு எடு" என்று விசில் அடிக்கத் தெரியும், பெண்டாட்டியிடம் என்ன பேச்சு, என்ன பழமை பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ரெண்டு பேரும் ரெண்டு மூலையில் உட்கார்ந்து ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சுக்கு மேலே பர் பர் என்று ஏதோ பிறாண்டியது. அவள் முகம் வெளிறிவிட்டது. "எலிங்ளா?" என்றாள். ஆமாம், எலிதான் என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். பயப்படுகிற பெண்ணிடம் எலி என்று சொல்ல மனசு வரவில்லை. கண்ணில் பட்டது அவள் முறத்தில் இருந்த அரிசி நொய். "எலி இல்ல, அது நொய்யாட்டி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அதென்னதுங்?" "எலுமிச்சங்காய் தண்டிதான் இருக்கும். றெக்கை உண்டு. ஒண்ணும் பண்ணாது, நொய் தின்னுட்டுப் போயிரும்." அவள் மச்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கழித்து, "வெல்லக் கலர்லதானுங் இருக்கும்?" என்றாள். இந்தா, பிடித்துக்கொண்டாள்! அவள் நம்பவில்லை, அது அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவருக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது. அடுத்த வாரம் எலி பொறியில் மாட்டியது. அதை அவர் விடியற்காலையில் ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார், அவளும் பொறியை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

"நெறம் வெல்லக் கலரு. வயித்துப் பக்கம் மட்டும் சாம்பல்" என்று மயிலாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "காது ரெண்டும் பெருசு. தூங்கறப்ப ஒரு காத மடக்கி வெச்சுக்கும், ஒரு காது முழிச்சிருக்கும். முழிச்சிருக்கற காதுக்கு மறுநாள் ஓய்வு." அந்த ஓய்வு அவர் சேர்த்தது, டிப்போ வழக்கம். "றெக்கை எப்படி ஆன்ட்டி? கைக்கும் காலுக்கும் நடுவுல தோலு மாதிரியா?" "அதேதான். மடிச்சா தோள்ல துண்டு போட்ட மாதிரி இருக்கும். சாயந்தரம் ஆறு பத்துக்குத் தாராபுரம் வண்டி எடுக்கறப்பப் பறக்கும். வண்டி லேட்டுன்னா அதுவும் லேட்டு." அந்தப் பெண் சிரிக்காமல் எழுதுவது தெரிந்தது. ஒரு நிமிசம் தப்பாக எழுதினாலும் ராத்தூக்கம் வராத ஆள் ஆறுச்சாமி. இல்லாத வண்டியை வந்தது என்று எழுதினால் சும்மா விடுவார்களா? பாவம், படிக்கிற பிள்ளை, நாளைக்கு வாத்தியார் முன்னால் நொய்யாட்டி என்று போய் நிற்கும். "வாலு இருக்குங்களா?" என்றாள் பிரிசில்லா. ஆகா, வசமாக மாட்டினாள் மயிலாத்தாள் என்று நினைத்தார். வாலில் ஒரு தகராறு உண்டு. அவர்களுக்குள் ஒரு சட்டம்: ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் இல்லை என்று சொல்லக்கூடாது, கூடச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, முதல் நாள் அவள் வெல்லக் கலர் என்றபோதே விழுந்துவிட்டது. அப்படியிருக்க, வால் கிடையாது என்று அவள் சொல்லியிருந்ததை மறந்து, அவர் ஒரு நாள் "வாலால மணி அடிக்கும்" என்று உளறிவிட்டார். மூணு நாள் யோசித்து அவளேதான் தீர்த்து வைத்தாள். இப்போதும் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்: "சின்ன வயசுல இருக்காது கண்ணு. வயசானாத்தான் மொளைக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இடுப்பு இழுத்தது, தலையணையைக் கடித்துக்கொண்டார். என்ன ஒரு பொம்பளை. வெளியே பார்க்கிறவர்களுக்கு மயிலாத்தாள் வாயில்லாப் பூச்சி. உள்ளே இருக்கிற மயிலாத்தாளை அவர் ஒருத்தர்தான் பார்த்திருக்கிறார் என்று இத்தனை நாள் ஒரு பெருமை. இன்றைக்கு அதில் பாதியை எடுத்து யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறாள், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "கோவம் வந்தாத்தான் இருக்குது கூத்து" என்றாள். "எப்பவும் தலகீழாத்தான் தொங்கும். கோவிச்சுக்கிட்டா நேரா உக்காந்துக்கும். நேரா உக்காந்துட்டா மூணு நாளைக்கு ஒண்ணும் பேச முடியாது." அதுதான் அவர்கள் வீட்டுச் சண்டை. ஒரு வார்த்தை தடித்துப் பேசியது கிடையாது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "நொய்யாட்டி நேரா உக்காந்திருக்குதுங்" என்பாள், எதற்கு என்று அவரே கண்டுபிடிக்கணும். மளிகைக்கடையில் பாசிப்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு வாங்கி வந்ததா, அவள் அண்ணனை வாசலோடு அனுப்பியதா, புதுச்சேலையைக் கவனிக்காமல் சோறு போடச் சொன்னதா. கண்டுபிடித்துச் சரி பண்ணினால் மறுநாள் "எறங்கித் தொங்கிருச்சுங்" என்று தகவல் வரும். ஊரில் எத்தனையோ வீட்டில் தட்டு பறக்கிறது, இவர்கள் வீட்டில் நொய்யாட்டி பறந்தது. நல்ல வாழ்க்கைதான். யாராவது கேட்டால் நல்ல வாழ்க்கை என்றுதான் சொல்வார். அந்த ஒரு பேச்சை மட்டும் பேசாமல் இருந்திருந்தால். திரும்பவும் அங்கேதான் வந்து நிற்கிறது, எந்த ரூட்டில் போனாலும் கடைசி ஸ்டாப் அதுதான். ஒண்ணே ஒண்ணு. ஆயுசுக்கு ஒரே தரம்.

ரெண்டாவது வருசம், ஆடி மாசம், அவளுக்கு நாலு மாசம். அன்றைக்கு மடத்துக்குளம் பக்கத்தில் ஒரு வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது, ஜனங்கள் எல்லாம் கூண்டைச் சுற்றி நின்று அவரைக் கேட்டார்கள், அவர்தான் அச்சை முறித்த மாதிரி. தலை வெடிக்க வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற முகத்தோடு, "ஏனுங், நொய்யாட்டி எத்தனை குட்டி போடுமுங்?" என்றாள். ஏழு எட்டு என்று சொல்லியிருக்கலாம். வருசம் ஒன்று என்று சொல்லியிருக்கலாம். எலி போடுவதில்லையா, முயல் போடுவதில்லையா, வாய்க்கு என்ன குறைச்சல்? அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒண்ணே ஒண்ணு. ஆயுசுக்கு ஒரே தரம்தான்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார்? இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அச்சு முறிந்த வண்டிதான் சொல்ல வைத்தது. அவள் சிரித்தாள். "அப்ப பத்தரமாப் பாத்துக்கோணும்" என்றாள். எட்டாவது மாசத்தில் வலி வந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், விரல் எல்லாம் இருந்தது, நகம் இருந்தது. அவர் கண்ணாடிக்கு வெளியில் நின்று எண்ணினார், பத்தும் இருந்தது. ஒண்ணரை நாள் இருந்தாள். அப்புறம் இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. கோயமுத்தூரில் ரெண்டு டாக்டர், பழநிக்கு நாலு நடை, மாமியார் கொடுத்த கசாயம், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு மாசமும் மயிலாத்தாள் பொறக்கடையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அந்த வாக்கியம் அவர் காதுக்குள் அவர் குரலிலேயே ஓடும். சும்மா ஒரு பேச்சுத்தான், பேச்சினால் யாருக்காவது பிள்ளை பிறக்காமல் போகுமா? போகாது. அது தெரியாத முட்டாளா அவர்? தெரியும். தெரிந்தும் ஓடும்.

அழிக்கவும் வழி கிடையாது, அதுதான் கொடுமை. கூண்டில் நேரம் தப்பாக எழுதிவிட்டால்கூட ஒரு முறை உண்டு. எழுதினதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான நேரம், சின்னதாக ஒரு கையெழுத்து. கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து தெரியணும், ஆனாலும் அது செல்லாது. நொய்யாட்டி விசயத்தில் கோடு போடக்கூடாது. சேர்க்கத்தான் முடியும். என்னத்தைச் சேர்ப்பது? ஒண்ணே ஒண்ணு, ஆனால் மலையில் இருக்கிற நொய்யாட்டி ரெண்டு போடும்? ஆயுசுக்கு ஒரே தரம், ஆனால் மழை பெய்தால் இன்னொரு தரம்? எதைச் சேர்த்தாலும் அந்தப் பேச்சை மறுபடி வெளியே எடுக்கணும், அவள் முன்னால் வைக்கணும். அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஒண்ணரை வருசம் நொய்யாட்டியே வீட்டில் இல்லை, மச்சு வெறும் மச்சாக இருந்தது. அப்புறம் ஒரு நாள், எண்ணெய் வாங்கி வர மறந்ததற்கு, "நேரா உக்காந்திருக்குதுங்" என்றாள். அவர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதார், திரும்பி வந்ததே என்று. அன்றிலிருந்து வால் உண்டு, காது உண்டு, கோபம் உண்டு; குட்டி மட்டும் பேச்சில் கிடையாது. ரெண்டு பேரும் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தே இருபத்தஞ்சு வருசம் ஆகிவிட்டது. இதோ ஒரு காலேஜ் பெண் பேனாவோடு நேராக அதை நோக்கி நடந்து வருகிறாள். இருமலாமா? தண்ணி கேட்கலாமா? தண்ணி கேட்டால் உள்ளே வருவாள், வந்தால் பேச்சு மாறும். "மயி..." என்று வாயெடுத்தார், அதற்குள் வெளியே பேச்சு வேறு பக்கம் திரும்பியது, அப்படியே அடங்கிவிட்டார்.

"ஆன்ட்டி, நீங்க கடைசியா அதைப் பாத்தது எப்பங்க?" "பாத்ததில்ல கண்ணு." "இல்ல, மொத தடவை பாத்தது?" "நாந்தான் சொல்றனே, பாத்ததே இல்ல. எங்கூட்டுக்காரரும் பாத்ததில்ல." ஈ ஒன்று அவர் காதருகில் சுற்றிவிட்டுப் போனது. "அப்ப இது..." என்றாள் பிரிசில்லா. "நாங்களா வெச்சிருக்கறதுதான்" என்றாள் மயிலாத்தாள், வெங்காயத்துக்கு விலை சொல்கிற மாதிரி, வெட்கமே இல்லாமல். "மொதல்லயே சொல்லியிருப்பேன், நீ அத்தனை ஆசையா எழுதினியா, சொல்ல மனசு வல்ல. கோவிச்சுக்காத கண்ணு." போச்சு, இந்தப் பெண் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகப் போகிறது என்று நினைத்தார். அந்தப் பெண்ணோ சிரித்தது, வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு, முப்பது வீட்டு வெயிலும் அதோடு போன மாதிரி. "எழுதினதை அடிச்சிடறேங்க. வௌவால் இல்லைன்னு போட்டுக்கறேன்." பேனா மூடுகிற சொடக்குச் சத்தம். அப்பாடா. பொய் எழுதவில்லை, வேலை முடிந்தது, கட்டம் முடிந்தது, கிளம்பிவிடுவாள். அவருக்கு உடம்பெல்லாம் லேசாகி, விளக்கெண்ணெய்ச் சூடு முதுகுத்தண்டில் இதமாக ஏறியது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. "ஆனா சொல்லுங்க ஆன்ட்டி, எழுதல, சும்மா கேட்டுக்கறேன். அது என்ன தின்னும்?" "நொய்யி. மழை பெஞ்சா ஈசலு. பால் ஆடைன்னா உசுரு." "எத்தனை குட்டி போடும்?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கையை ஊன்றினார், இடுப்பு விடவில்லை, இலை நழுவியது, நழுவினால் நழுவட்டும். வெளியே வெங்காயம் உரிக்கிற கை நின்றுவிட்டது, அது அவருக்குக் கேட்டது. ஒரு சத்தம் நிற்பதும் ஒரு சத்தம்தானே, கூண்டில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், எஞ்சின் நின்றால்தான் தலை நிமிரும். "ஒண்ணே ஒண்ணு கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "ஆயுசுக்கு ஒரே தரம்தான்." வார்த்தை மாறவில்லை. அவர் சொன்னது சொன்னபடி இருந்தது, இருபத்தஞ்சு வருசம் அதைத் தொடாமல் வைத்திருந்திருக்கிறாள். "ஒண்ணே ஒண்ணா? அய்யோ, அப்ப அந்தக் குட்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" கேளாதே பிள்ளே, கேளாதே. "ஆனா என்ன பண்றது" என்றாள் மயிலாத்தாள். நிதானமாக, தெரிந்த வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். "ஆயிருச்சுன்னா, அது குட்டி போட்டது போடாததாயிருமா? ஒண்ணுதான்னு இருக்கறப்ப அதுக்கு வர வேண்டியது வந்துருச்சு. வந்து ஒண்ணரை நாள் இருந்துட்டுப் போச்சு. அதப் பாத்து மலடுன்னு யாரும் சொல்ல முடியாதல்ல? அந்தச் சமயத்துல சொந்தக்காரங்க, ஒறம்பரை எல்லாம் வந்து உக்காந்துக்கிட்டு, உடு மயிலா, இன்னொண்ணு வரும், இன்னொண்ணு வரும்னாங்க. இன்னொண்ணுன்னா வந்தது போதலைன்னு தான அர்த்தம்? எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். எங்கூட்டுக்காரரு ஒருத்தருதான் முன்னாலயே சொல்லி வெச்சிருந்தாரு, ஒண்ணே ஒண்ணுதான்னு. அப்ப நான் முழுசாப் பெத்துட்டேன்ல? பாக்கி ஒண்ணுமில்லைல? அந்தப் பேச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் கண்ணு நான் எந்திரிச்சு நடந்தேன். இல்லீன்னா அன்னைக்கே போய்ச் சேந்திருப்பேன்."

ஆறுச்சாமி தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டார், உறை நனைந்தது, நனைந்தால் என்ன. அட கிறுக்கா. அட மடப்பயலே. இருபத்தஞ்சு வருசம். பழநி மலையில் படி ஏறும்போது, கூண்டில் விசில் அடிக்கும்போது, அவள் தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எல்லாம் எதைச் சாபம் என்று சுமந்தாரோ, அதைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்திருக்கிறாள். சந்தோசம்தான் முதலில் வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோசம். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. கல்யாண வீடுகளில், பஸ்ஸில், ஆபீசில், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், "உங்களுக்குக் கொழந்தைங்க?" என்று. இவள் வாய் திறக்க மாட்டாள். கேட்டவர்களை விட்டுவிட்டு அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். சொல்ல முடியாமல் தவிக்கிறாள், நாம்தான் முந்திக்கொண்டு காப்பாற்றணும் என்று நினைத்து, "இல்லீங்க" என்று பட்டென்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு தரமும் அவர்தான் சொன்னார். ஒரு தரம்கூட அவள் இல்லை என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருவாள், பாவம் மனசு நொந்திருக்கிறாள் என்று அவரும் பேசாமல் வருவார். நோகாமல்? பெற்ற பிள்ளையைப் பெற்றவனே நாலு பேர் முன்னால் இல்லை என்கிறானே! சட்டம் போட்டதே அவர்கள்தானே, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் இல்லை என்று சொல்லக்கூடாது என்று. அவள் ஒரு நாளும் மீறவில்லை. மீறினது எல்லாம் அவர்தான், அதுவும் ஊர் ஊராக.

"ஆன்ட்டி" என்றாள் பிரிசில்லா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கடைசிப் பக்கம் மட்டும் எல்லா வீட்லயும் கேக்கணும்ங்க. வீட்டு விவரம். வௌவால் இல்லைன்னாலும் எழுதச் சொல்லியிருக்காங்க. சட்டுனு முடிச்சிடறேன்." "கேளு கண்ணு, எனக்கென்ன சோலி." வீடு சொந்தமா வாடகையா, ஓடு எத்தனை வருசம், கிணறா குழாயா. வீட்டில் எத்தனை பேர். ரெண்டு பேர். மயிலாத்தாள், வயசு ஐம்பது. ஆறுச்சாமி, வயசு ஐம்பத்தாறு, டைம் கீப்பர், இப்ப இடுப்புப் பிடிச்சுக்கிட்டுக் குப்புறக் கெடக்கறாரு, அதையும் எழுதிக்கோ. ரெண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பெண் தயங்கினாள். படிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்திருப்பாள், கட்டத்தைக் காலியாக விட முடியாது போல. "ஆன்ட்டி, இதுல கொழந்தைங்க எத்தனைன்னு..." மயிலாத்தாள் வழக்கம்போலப் பேசாமல் இருக்கிறாள், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள், பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. ஆறுச்சாமி ரெண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கினார். இடுப்பு வெட்டியது. வெட்டட்டும். பஸ் ஸ்டாண்டில் எட்டாவது தடத்துக்குக் கேட்கிற குரலில், வீடே அதிரச் சொன்னார்: "ஒண்ணுங் அம்மிணி. ஒரு பொண்ணு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. "வயசுங்க?" என்றாள் பிரிசில்லா, ரொம்ப மெதுவாக. "ஒண்ணரை நாளு" என்றார் ஆறுச்சாமி. பேனா காகிதத்தில் இறங்கவில்லை. அந்தப் பிள்ளை மயிலாத்தாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது போல, எழுதலாமா கூடாதா என்று. மயிலாத்தாளின் குரல் வந்தது, அதில் ஒரு அதட்டல் இருந்தது, இதுவரைக்கும் அவர் கேட்டிராத ஒரு வீட்டுக்காரி அதட்டல். "அவ அப்பாவே சொல்றாரில்ல? எழுதிக்க கண்ணு."